மார்க்கா, பெயின்டா, பின்னா? டைமிங் பெல்ட் மாற்றும்போது எதை நம்புவது

பிஸ்டன்களால் சுற்றும் கிராங்க் ஷாஃப்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் இணைத்துச் சுற்ற வைக்கும் பல் வைத்த பெல்ட்தான் டைமிங் பெல்ட். அதை மாற்றும் வேலையில் பெல்ட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் பெரிய விஷயமில்லை. கிராங்க் சக்கரமும் கேம் சக்கரமும் எந்த நிலையில் இருக்க வேண்டுமோ அதே நிலையில் அவற்றைப் பூட்டுவதுதான் வேலையே. கிராங்க் சக்கரத்தில் 20 பல், கேம் சக்கரத்தில் 40 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல் தள்ளிப்போனால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி தப்பு. அதிலேயே பிக்கப் போய்விடும், ஐட்லிங் ஆடும். இரண்டு மூன்று பல் தள்ளினால், பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை மாறி மாறிப் பயன்படுத்தும் எஞ்சினில் வால்வு வளைந்துவிடும். இன்றைய கார் டீசல்கள் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ரகம்தான்.

சக்கரங்களை நேராக்க ஒர்க்‌ஷாப்களில் மூன்று வழிகள் புழங்குகின்றன. கம்பெனி போட்ட மார்க்கைப் பார்த்து வைப்பது, பழைய பெல்ட்டில் பெயின்ட் வைத்துப் புது பெல்ட்டுக்கு மாற்றுவது, லாக்கிங் பின் போட்டு ஷாஃப்டையே நிறுத்திவிடுவது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. சக்கரம் ஷாஃப்டில் கீ (சக்கரம் நழுவாமல் நடுவே செருகும் சின்ன உலோகத் துண்டு) போட்டு உட்கார்ந்திருக்கிறதா, வெறும் போல்ட் இறுக்கத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கீ உள்ள எஞ்சினுக்கு மாருதி எஸ்டீமிலும் ஜிப்சியிலும் வந்த ஜி13 நல்ல உதாரணம். கிராங்க் சக்கரத்தின் புள்ளியை ஆயில் பம்ப் மேலுள்ள அம்புக்குறிக்கு நேரே கொண்டுவர வேண்டும், கேம் சக்கரத்தின் மார்க்கை மேலே உள்ள ‘வி’ வெட்டுக்கு நேரே. அவ்வளவுதான். சக்கரம் ஷாஃப்டில் ஒரே ஒரு நிலையில்தான் உட்கார முடியும் என்பதால், மார்க் நேராக இருந்தால் ஷாஃப்டும் நேராக இருக்கிறது என்று அர்த்தம். இப்படிப்பட்ட எஞ்சினுக்குப் பின் செட் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனாலும் மார்க் பார்ப்பதில் மூன்று இடங்களில் கண் ஏமாறும். முதலாவது, பார்க்கும் கோணம். எஞ்சின் அறைக்குள் தலையை விட்டு மேலிருந்து எட்டிப் பார்த்தால், ஒரு பல் தள்ளியிருக்கும் கிராங்க் மார்க்கூட நேராக இருப்பதுபோலத் தெரியும். மொபைலைச் சக்கரத்துக்கு நேர் எதிரே இறக்கி ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, வெளியே தெரியும் கிராங்க் புல்லியின் மார்க். பல புல்லிகளில் நடு மையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கும். வயதான ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் தனியாக நழுவும், மார்க்கும் கூடவே நழுவும். ஏறக்குறைய டாப்புக்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவரத்தான் அந்த மார்க் உதவும். கடைசித் தீர்ப்பை உள்ளே இருக்கும் டைமிங் சக்கரத்தின் மார்க்கில்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே சக்கரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மார்க்குகள். சுபாரு கார்களின் ஈஜே வகை எஞ்சின்களில் அம்புக்குறியும் இருக்கும், சின்னக் கோடும் இருக்கும். அம்பு, பிஸ்டன் டாப்பில் இருப்பதைக் காட்டுவது. பெல்ட் மாட்டக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். அம்பைப் பார்த்தவுடன் அதுதான் மார்க் என்று கை தானாகப் போகும். அந்த எஞ்சினுக்கான மேனுவல் படம் பக்கத்தில் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

பெயின்ட் வழிக்கு வருவோம். பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் ஒவ்வொரு சக்கரத்திலும் பெல்ட்டிலும் சேர்ந்தாற்போல வெள்ளைக் கோடு போடுவது, பிறகு பழையதையும் புதியதையும் ஒட்டி வைத்துப் பல் பல்லாக எண்ணிக் கோட்டை மாற்றுவது. வேகமான வேலை. மேனுவல் கிடைக்காத வண்டிக்குப் பலர் இதையே நம்புகிறார்கள். எனக்கு இது தனி முறையாகத் தோன்றவில்லை, கூடுதல் சாட்சி மட்டும்தான். ஏற்கெனவே யாரோ ஒரு பல் தப்பாக மாட்டியிருந்தால் அதே தப்பை அப்படியே நகல் எடுத்துக் கொடுக்கும். பெல்ட் அறுந்த வண்டியில் பயனே இல்லை. கோடு போடுவதாக இருந்தால், முதலில் கம்பெனி மார்க்கெல்லாம் நேராக நிற்கும் நிலைக்கு எஞ்சினைக் கொண்டுவந்துவிட்டுப் போடுங்கள். மார்க்கே நேராக வரவில்லை என்றால் பழைய தப்பு அங்கேயே பிடிபட்டுவிடும்.

இதில் புதிதாகச் செய்கிறவர்கள் பயந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. மாட்டி முடித்து எஞ்சினை இரண்டு சுற்று சுற்றினால் சக்கர மார்க்குகள் திரும்ப நேராகும். பெல்ட்டில் போட்ட கோடுகள் நேராகாது. பெல்ட்டின் பல் எண்ணிக்கை வேறு என்பதால் அவை மீண்டும் பொருந்திவரப் பல சுற்றுகள் ஆகும். அதைப் பார்த்துப் பதறி, சரியாக மாட்டிய பெல்ட்டைக் கழற்றிவிடாதீர்கள்.

பின் கட்டாயமாகும் இடத்துக்கு ரெனோ டஸ்டரின் இரண்டு எஞ்சின்கள் போதும். சென்னை அருகே ஒரகடத்தில் தயாரான வண்டி, நம் சாலைகளில் இன்னும் நிறைய ஓடுகிறது. 1.6 பெட்ரோலான கே4எம்மில் கிராங்க் சக்கரமும் கேம் சக்கரங்களும் கீ இல்லாமல், இறுக்கத்தில் மட்டுமே நிற்பவை. போல்ட்டைத் தளர்த்தினால் சக்கரம் ஷாஃப்ட் மேல் சும்மா சுற்றும். சுற்றுகிற சக்கரத்தில் மார்க் இருந்து என்ன பயன்? அதனால்தான் ஹெட்டின் (வால்வும் கேமும் இருக்கும் எஞ்சின் மேல்பகுதி) இன்னொரு முனையில் உள்ள இரண்டு மூடிகளைக் குத்தி எடுத்துவிட்டு, கேம் ஷாஃப்ட்களின் முனையில் உள்ள காடிகளில் ஒரு பட்டையைச் செருகி நிறுத்துகிறார்கள். எடுத்த மூடிகள் திரும்ப உதவாது, புதிது போட வேண்டும். கிராங்க் முனை, சக்கரத்தின் துளை, புல்லி முகம் மூன்றையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைப்பது இந்த எஞ்சினில் சுத்தத்துக்காக மட்டுமல்ல. பிசுக்கு இருந்தால் சக்கரம் நழுவும், நழுவினால் எஞ்சின் போச்சு.

1.5 டீசலான கே9கேயில் கேம் சக்கரத்தின் துளை வழியாக ஹெட்டுக்குள் 8 மில்லிமீட்டர் பின் போகிறது. பிளாக்கில் இன்னொரு பின்னை மரை போட்டு ஏற்றி, கிராங்க்கை மெதுவாகச் சுற்றி அதன் மேல் முட்ட வைக்கிறார்கள். கேம் பின்னுக்குப் பதிலாக 8 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டின் வழுவழுப்பான தண்டைச் செருகுகிறவர்கள் உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். கிராங்க் பின்னுக்குப் பதிலாக ஏதோ ஒரு போல்ட்டை மாட்டுவதைத்தான் ஏற்க முடியாது. அங்கே நீளமும் முனையும்தான் டாப்பை முடிவு செய்கின்றன. நீளம் மாறினால் கிராங்க் வேறு இடத்தில் நிற்கும், அல்லது முட்டாமலே தாண்டிப் போகும்.

பின்னுக்கும் ஒரு எல்லை உண்டு. அது நிலையைக் காட்டத்தான், பலத்தைத் தாங்க அல்ல. பின்னை மாட்டிவிட்டு அதன் மேல் பாரத்தைப் போட்டுக் கிராங்க் போல்ட்டை இறுக்கினால் பின் வளையும், இல்லாவிட்டால் துளை கெடும். போல்ட்டை இறுக்கும்போது, கிராங்க்கின் மறுமுனையில் உள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலைத் தனியாகப் பிடித்து நிறுத்த வேண்டும்.

நான் செய்யச் சொல்வது இதுதான். கீ இருந்தால் கம்பெனி மார்க், துணைக்குப் பெயின்ட். கீ இல்லையென்றாலோ, மேனுவல் பின் கேட்டாலோ அந்த எஞ்சினுக்கான பின் செட் இல்லாமல் பெல்ட் கவரைத் திறக்காதீர்கள். எந்த வழியில் மாட்டினாலும் தொய்வு முழுவதும் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பக்கம் வர வேண்டும், மறுபக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டென்ஷனரை விட்டதும் கேம் நகர்ந்துவிடும். அப்புறம் பின் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, ஸ்பேனர் பிடித்துக் கையால், எஞ்சின் ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று. ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. ஏதாவது தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மீண்டும் மார்க் நேராக வர வேண்டும், லாக்கிங் பின் விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். சுத்தியால் தட்டினால்தான் போகும் என்றால் பெல்ட்டைக் கழற்றி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அறுந்த பெல்ட்டோடு வந்த வண்டிக்கு மட்டும் வரிசை வேறு. பிஸ்டன்கள் நடுவாட்டில் நிற்கும்படி கிராங்க்கை டாப்பிலிருந்து கால் சுற்று தள்ளி வைத்துவிட்டுத்தான் கேமைத் திருப்ப வேண்டும். மார்க்கும் பின்னும் கச்சிதமாக வந்தாலும், வால்வு வளையவில்லை என்று அவை சொல்லாது. அறுபடாத வேறொரு பழைய பெல்ட்டை ஒப்புக்கு மாட்டியோ, சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவு பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட் வைத்தோ சிலிண்டர்கள் காற்றைப் பிடிக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு புது பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் வாங்கப் போங்கள்.