அண்ணா நகர் உங்களுக்கு ஒத்துவருமா? இரண்டு விதமாகவும் குடியிருந்து பார்த்தவளின் கருத்து

அண்ணா நகரில் வீடு தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "நீங்க நடக்கிற ஆளா?" என்பதுதான். ஆமாம் என்றால், சென்னையில் இதைவிட நல்ல இடம் எனக்குச் சொல்லத் தெரியாது. வீட்டுக்குக் கீழே காரில் ஏறி ஆபீஸ் பேஸ்மென்ட்டில் இறங்குகிறவர் என்றால், இங்கே கொடுக்கும் வாடகையில் பாதி வீண்தான்.

இந்தப் பகுதியில் இரண்டு விதமாகவும் வாடகைக்கு இருந்திருக்கிறேன். முதலில், மேற்குப் பக்கம் ஒரு பெரிய கேட்டட் கம்யூனிட்டியில் பதினோராவது மாடி. நீச்சல்குளம், ஜிம், கிளப் ஹவுஸ் எல்லாம் உண்டு. இப்போது சாந்தி காலனிக்குப் பின்னால் ஓர் உள் தெருவில், மூன்று மாடிப் பழைய ஃபிளாட்டில் முதல் மாடி. வீட்டில் நான், கணவர், பிளஸ் டூ படிக்கும் மகள், மூட்டு வலியோடு மாமியார்.

1968-இல் வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தை ஒட்டி, வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து உருவாக்கிய நகர் இது. கண்காட்சிக்கென்று எழுப்பிய 135 அடி டவர் இன்றும் பூங்காவுக்குள் நிற்கிறது. பல வருஷம் மேலே ஏற விடாமல் பூட்டி வைத்திருந்துவிட்டு 2023-இல் மறுபடி திறந்தார்கள். அகலமான அவென்யூ, அதிலிருந்து கிளை பிரியும் அமைதியான தெருக்கள், தூங்குமூஞ்சி மர நிழல், கூப்பிடு தூரத்தில் ஒரு பூங்கா. அண்ணா நகர் என்ற பெயருக்கு நாம் கொடுக்கிற விலை இதற்குத்தான். இதெல்லாம் காம்பவுண்டுக்கு வெளியே இருக்கிறது. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் லிஃப்ட், லாபி, உள் ரோடு, செக்யூரிட்டி கேட் என்று அடுக்கினால், பால் வாங்கக்கூட இறங்கத் தோன்றாது.

எங்கள் வீட்டில் இதை முதலில் சொன்னது மாமியார்தான். "காத்து நல்லாத்தாம்மா வருது. ஆனா நாள் முழுக்க யார் முகத்தையும் பாக்க முடியலையே" என்றார். பூக்காரம்மா கேட்டைத் தாண்டி வர ஒவ்வொரு முறையும் ஆப்பில் அனுமதி கொடுக்க வேண்டும். என் போன் சைலண்டில் இருந்தால் அவர் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். இப்போது சாயங்காலம் ஆனால் மாமியார் வாக்கரோடு இறங்கி, எதிரே வேப்ப மரத்தடியில் இஸ்திரி போடுகிறவர் வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். தெருவில் யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊரில் வேலை என்பது வரை அவருக்குத் தெரியும். முன்பு தூக்க மாத்திரை கேட்டவர், இப்போது கேட்பதில்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கேட்டட் கம்யூனிட்டியில் சதுர அடிக்கு 5 ரூபாய் மெயின்டனன்ஸ். 1,650 சதுர அடிக்கு மாதம் 8,250. பெரிய குடியிருப்போர் சங்கங்களில் தொகை 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு சேரும். மகள் நீச்சல்குளத்தில் இறங்கியது கோடை விடுமுறையில் மட்டும். அந்த 1,650-உம் சூப்பர் பில்ட்-அப் கணக்கு. லாபி, படிக்கட்டு, கிளப் ஹவுஸ் பங்கெல்லாம் அதில் அடக்கம். வீட்டுச் சுவர்களுக்குள் நாம் புழங்கும் கார்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்டு வாங்கி, அதை வைத்து வாடகையை வகுத்துப் பாருங்கள்.

கேட்டட் கம்யூனிட்டியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நாலு வயதிலிருந்து பத்து வயதுக்குள் குழந்தை இருந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள். வண்டி பயமில்லாமல் இருட்டும் வரை விளையாடும். நைட் ஷிஃப்ட் முடிந்து தனியாக வரும் பெண்களுக்கும் அது பெரிய நிம்மதி. கரண்ட் போனால் ஏசி உட்பட ஜெனரேட்டரில் ஓடும். பழைய ஃபிளாட்டில் இன்வெர்ட்டர்தான், லிஃப்ட்டும் நின்றுவிடும். பார்க்கிங்கும் தலைவலி. தூண்களுக்கு நடுவே எங்கள் காரை நுழைக்க என் கணவர் தினமும் கண்ணாடியை மடக்குகிறார். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டப் பேச்சு நடக்கிறதா என்று ஓனரிடம் நேராகக் கேளுங்கள். குடியேறி ஒரு வருஷத்தில் காலி செய்யச் சொன்னால் பிள்ளைகள் படிப்புதான் கெடும்.

தண்ணீர் விஷயத்தில் யார் பேச்சையும் நம்ப வேண்டாம். "மெட்ரோ வாட்டர் இருபத்திநாலு மணி நேரமும் சார்" என்று புரோக்கர் எல்லா வீட்டுக்கும் சொல்வார். நான் பாத்ரூமுக்குப் போய் ஷவர் துளைகளைத்தான் பார்ப்பேன். துளை ஓரத்தில் வெள்ளையாகக் கெட்டித்து, விரலால் சுரண்டினாலும் வராமல் இருந்தால் அது உப்பு நிறைந்த போர்வெல் தண்ணீர். கீசரும் வாஷிங் மெஷினும் அங்கே ரொம்ப நாள் தாங்காது. அப்புறம் வாட்ச்மேனிடம், "ஏப்ரல், மே மாசம் லாரி எத்தனை வரும், காசு யார் பங்கு?" என்று கேட்பேன். பதில் சொல்ல அவர் செக்ரட்டரி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தால், விஷயம் புரிந்துவிடும்.

மழையைப் பற்றி ஃபிளாட்டில் இருப்பவர்களிடம் கேட்காதீர்கள், தெருமுனைக் கடைக்காரரிடம் கேளுங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, மிக்ஜாம் புயலில் எத்தனை நாள் நின்றது என்று கையை வைத்தே காட்டுவார். ஒரே அவென்யூவில் இந்தத் தெரு தப்பியிருக்கும், அடுத்த தெரு முழுகியிருக்கும்.

சத்தம் தாங்காதவர்கள் செகண்ட் அவென்யூவை ஒட்டி எடுக்க வேண்டாம். ரவுண்டானாவிலிருந்து திருமங்கலம் வரை கடைகள்தான். ஞாயிறு சாயங்காலம் உங்கள் கேட்டை மறித்து யாராவது கார் நிறுத்தியிருப்பார்கள். ஐஏஎஸ் கோச்சிங் சென்டர்களும் ஹாஸ்டல்களும் இருக்கும் தெருக்களில் ராத்திரி வெகுநேரம் நடமாட்டம் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. மகள் டியூஷன் முடிந்து ஒன்பது மணிக்குத் தனியாக நடந்து வருகிறாள்.

2017-இல் மெட்ரோ வந்து, 2018-இல் சென்ட்ரல் வரை நீண்ட பிறகு அங்கே போவது சுலபம். "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலயே" என்ற பழைய பாட்டை மட்டும் நம்பாதீர்கள். தெற்கே போகும் பஸ்ஸெல்லாம் பக்கத்துக் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. எங்களைப் போல் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்கு அது ஊரின் மறுகோடி. வேலை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) என்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். போக வரவே உயிர் போய்விடும்.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றுதான் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. கையெழுத்துக்கு முன்னால் இதைச் சொல்லிப் பேசுங்கள். எங்கள் ஓனரம்மா ஐந்துக்கு இறங்கினார். அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம். பாத்ரூமில் மாமியாருக்கு ஒரு கைப்பிடி வைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்.