ஹூஸ்டன் வெள்ளத்துக்கு யார் பணம் கட்டுவது: கடன் பத்திரமா, மாதக் கட்டணமா?

மழைநீர் வடிகாலைச் சீர்செய்ய ஹூஸ்டன் வட்டாரத்தில் இரண்டு விதமாகப் பணம் திரட்டுகிறார்கள். ஒன்று, ஹூஸ்டன் அடங்கிய மாவட்டமான ஹாரிஸ் கவுன்டியின் 250 கோடி டாலர் பாண்டு, அதாவது கடன் பத்திரம். இன்னொன்று, ஹூஸ்டன் மாநகரம் தண்ணீர் பில்லோடு சேர்த்து வாங்கும் வடிகால் கட்டணம். இரண்டுக்கும் மக்கள்தான் ஓட்டுப் போட்டார்கள், ஆனால் ஓட்டு விழுந்த விதம் வேறு.

ஹார்வி புயல் கரை கடந்து சரியாக ஓராண்டு கழித்து, 2018 ஆகஸ்ட் 25 அன்று பாண்டுக்கு வாக்கெடுப்பு நடந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேலான வீடுகளில் வெள்ளம் புகுந்த நினைவு ஆறவில்லை. 85 விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவு. கட்டணத்தின் கதை அப்படியில்லை. 2010 நவம்பரில் 51 விழுக்காட்டை ஒட்டித் தப்பிப் பிழைத்தது.

அதிலும் ஒரு வில்லங்கம். 2010 வாக்குச்சீட்டில், வடிகாலுக்கும் தெருக்களுக்கும் 'அவ்வப்போது வரும் பணத்தில் செலவு செய்யும் தனி நிதி' ஒன்றை உருவாக்கலாமா என்றுதான் கேட்டிருந்தார்கள். அந்த நிதிக்கான பணம் நம் வீட்டு பில்லில் இருந்து வரப்போகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. 2015-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் இதைப் பிடித்துக்கொண்டது: முக்கியமான விஷயத்தை மறைத்த வாசகம் செல்லாது. 2018 நவம்பரில் மறுபடி மக்களிடம் போய்த்தான் ஒப்புதல் வாங்கினார்கள்.

சரி, பாக்கெட்டுக்கு எது இதம்? பாண்டை எதிர்ப்பவர்கள் முதலில் சொல்வது வட்டி. பேச்சுக்கு, ஒரு கோடி டாலரை 4 விழுக்காட்டு வட்டியில் 25 ஆண்டுகளில் சம தவணையாக அடைத்தால், மொத்தம் சுமார் 1.6 கோடி கட்ட வேண்டும். கட்டணத்தில் இந்த வட்டி இல்லை. ஆனால் 250 கோடியையும் ஒரே நாளில் கடன் வாங்கிவிடுவதில்லை. ஓட்டு தருவது அனுமதி மட்டுமே. வேலை நடக்க நடக்கப் பத்திரங்களை விற்கிறார்கள். இந்தக் கடனை அடைக்கப் பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்குச் சொத்து வரி 1.4 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்றும், 65 வயது தாண்டியவர்களின் 2 லட்சம் டாலருக்குட்பட்ட வீடுகளுக்கு ஏறவே ஏறாது என்றும் அப்போது சொன்னார்கள்.

வடிகால் கட்டணம் வீட்டின் விலையைப் பார்ப்பதில்லை, கான்கிரீட்டைப் பார்க்கிறது. கூரை, கார் நிறுத்தும் தளம் என்று மழைநீர் இறங்க முடியாத பரப்புக்கு, தொடக்க விகிதம் சதுர அடிக்கு ஆண்டுக்கு 3.2 சென்ட், ஓரத்தில் திறந்த வாய்க்கால் ஓடும் தெருவானால் 2.6 சென்ட். 1,875 சதுர அடி என்றால் மாதம் 5 டாலர். முற்றத்தை முழுக்கச் சிமென்ட் பூசியவர் அதிகம் கட்டுவார். நியாயமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேகத்தில் பாண்டுதான் முந்தும். பேயூ என்று அங்கே சொல்லும் மந்த ஓடைகளை அகலப்படுத்துவதும் பெரிய தேக்கக் குளங்கள் வெட்டுவதும் மாதம் ஐந்தைந்து டாலராகச் சேர்த்துச் செய்கிற வேலையில்லை. ஆனால் பாண்டின் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. உள்ளூர்ப் பணத்துக்கு ஈடாக ஃபெடரல் (மத்திய அரசு) பணமும் வந்து மொத்தம் இரட்டிப்பாகும் என்று நம்பியே திட்டப் பட்டியல் போட்டார்கள். 2021-ல் ஹார்வி நிவாரணத்தின் 100 கோடி டாலரை மாநில நில அலுவலகம் பங்கிட்டபோது, முதல் சுற்றில் ஹூஸ்டனுக்கும் ஹாரிஸ் கவுன்டிக்கும் ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. கூச்சல் எழுந்த பிறகுதான் கவுன்டிக்கு 75 கோடி தருவதாகச் சொன்னார்கள்.

கட்டணத்துக்கு வந்த ஆபத்து வேறு: வீட்டுக்குள்ளேயே திருட்டு மாதிரி. மாநகரச் சாசனப்படி சொத்து வரியிலிருந்தும் ஒரு பங்கு, 100 டாலர் மதிப்புக்கு 11.8 சென்ட், அந்த நிதிக்குச் சேர வேண்டும். மாநகரம் குறைத்துப் போட்டது என்று இரண்டு பொறியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது; 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

பெரிய பேயூ வேலைக்குப் பாண்டு, தெரு வடிகாலுக்குக் கட்டணம் என்பது என் கட்சி. இரண்டையும் போட்டியாளர்களாகவே நிறுத்துவதும் பாதி உண்மைதான்: தெருத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் பேயூ, அது நிரம்பிவிட்டால் தெருக் குழாயைப் புதிதாகப் போட்டும் பயனில்லை.