வட்டமா, துளியா, வைரமா: எந்த பேடல் மட்டை உங்களுக்கு?

பேடல், கண்ணாடிச் சுவர் சூழ்ந்த களத்தில் இருவர் இருவராக ஆடும், டென்னிஸைப் போன்ற ஆட்டம். அதற்கு மட்டை வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களான அர்துரோ கோயேயோவும் அகுஸ்தின் தாப்பியாவும் எதை வைத்து ஆடுகிறார்கள் என்பதைத்தான். அவர்களுடைய தோளும் கால்வேகமும் நமக்கு இருந்தால் அந்தக் கேள்வியில் பொருள் உண்டு. வாரத்துக்கு இரண்டு மாலை ஆடுகிறவர் கேட்க வேண்டியது வேறு: தலைக்கு மேல் வரும் பந்தை நான் எவ்வளவு நேரம் எடுத்து அடிக்கிறேன்? பதற்றத்தில் அடிக்கும்போது பந்து மட்டையின் எந்த இடத்தில் படுகிறது?

விதிப்படி மட்டையின் நீளம் 45.5 சென்டிமீட்டரையும், அகலம் 26 சென்டிமீட்டரையும், தடிமன் 38 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது. எல்லா நிறுவனங்களும் இந்த எல்லைக்குள்தான் விளையாடுகின்றன. ஆகவே வட்டம், நீர்த்துளி, வைரம் என்ற மூன்று வடிவங்களும் எடை எங்கே குவிகிறது, பந்து நன்றாகப் படும் பகுதி எங்கே அமைகிறது என்பதில்தான் முதன்மையாக வேறுபடுகின்றன. வட்ட மட்டையில் அந்தப் பகுதி நடுவில், அகலமாக இருக்கும். எடை கைப்பிடி பக்கம் சாயும். வைர மட்டையில் அது மேலே ஏறிச் சுருங்கிவிடும். எடை தலைப்பகுதியில் நிற்கும். சுத்தியலைத் தலைக்குப் பக்கத்தில் பிடிப்பதற்கும் பிடியின் கடைசியில் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. கடைசியில் பிடித்தால் அடி பலமாக விழும், ஆனால் குறி தப்பும். துளி வடிவம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

"பலம் வேண்டும், அதனால் வைரம்" என்ற கணக்கு டென்னிஸிலிருந்து வருகிறது. பேடல் ஆடுகளத்தின் பின்புறம் 3 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி, அதற்கு மேல் 1 மீட்டர் கம்பி வலை. எதிராளி உயரத் தூக்கிப் போட்ட பந்தை நீங்கள் முழு பலத்தோடு அடித்து நொறுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது தரையில் பட்டுச் சுவருக்கு மேலே எழும்பி வெளியே போனால் புள்ளி உங்களுடையது. அந்த உயரம் கிடைக்காவிட்டால் பந்து கண்ணாடியில் மோதி, தளர்ந்த வேகத்தில் ஆடுகளத்தின் நடுவுக்குத் திரும்பி வரும். எதிராளி அடிப்பதற்கு அதைவிட வசதியான பந்து இல்லை. எவ்வளவு பலமாக அடித்தீர்களோ அவ்வளவு வசதி அவருக்கு! பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் தாழ்வாகச் செத்து விழும் மெதுவான பந்துதான் சாதாரண ஆட்டங்களில் புள்ளிகளை வெல்கிறது. அதற்கு வேண்டியது பலமல்ல, துல்லியம். அதனால்தான் முதல் மட்டையாக வைர வடிவத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஒரே நிறுவனத்தின் மூன்று உடன்பிறப்புகளை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். பாபோலாவின் வைப்பர் வரிசையில் கவுன்ட்டர், ஏர், டெக்னிக்கல் என மூன்று உண்டு. கவுன்ட்டர் வட்டம், பின்னால் நின்று கண்ணாடியிலிருந்து வரும் பந்தை நிதானமாகத் திருப்பி அனுப்பி, எதிராளி தவறு செய்யக் காத்திருப்பவருக்கானது. ஏர் துளி வடிவம், கையில் எளிதாகச் சுழலும்; வலைக்கு முன்னால் நின்று பந்தைத் தரையில் படவிடாமல் சட்டென்று தடுத்து அடிப்பவருக்குப் பொருந்தும். டெக்னிக்கல் வைரம்; தாக்கி முடிப்பவருக்கு. டெக்னிக்கலை வாங்கிவிட்டுக் கவுன்ட்டர் ஆட்டம் ஆடுகிறவர்கள் ஏராளம். வலைக்கு அருகில் உடம்பை நோக்கி வரும் வேகப்பந்தில்தான் அது அம்பலமாகும்: மட்டையின் தலை அரைக் கணம் தாமதமாகத் திரும்பும், பந்து விளிம்பில் பட்டுக் கம்பி வலைக்குப் போகும்.

மற்ற நிறுவனங்களிலும் இதே கதைதான். நாக்ஸின் எம்எல்10 ப்ரோ கப் வட்டம், தாப்பியாவின் பெயரில் வரும் ஏடி10 துளி, புல்பேடலின் வெர்டெக்ஸ் வைரம். நடுத்தர நிலைக்கு வந்துவிட்டவர் கண்ணை மூடிக்கொண்டு துளி வடிவத்துக்குப் போகலாம்.

நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். நீங்களும் உங்கள் இணையும் வலது கைக்காரர்கள் என்றால், நடுவில் வரும் உயரப் பந்துகள் இடப்பக்க ஆட்டக்காரரின் வலது கைக்கு வசதியாக அமையும். தாக்குதல் பெரும்பாலும் அவர் பொறுப்பு. அவருக்கு எடை சற்று மேலே இருக்கும் மட்டை பயன்படும். வலப்பக்கத்தில் நிற்பவர் பந்தைக் காப்பாற்றி, வாய்ப்பை உருவாக்கித் தருபவர். உயரத்தில் குறைந்த பெதெரிகோ சிங்கோத்தோ அந்தப் பக்கத்திலிருந்து உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவராக வந்தவர். வலப்பக்கக்காரருக்கு வட்டமே நல்லது.

வடிவத்தைவிடக் குறைவாகப் பேசப்படுவதும், என் கணிப்பில் அதைவிட முக்கியமானதும், நரம்புகள் இல்லாத இந்த மட்டையின் உள்ளிருக்கும் நுரையின் கடினம். கடினமான நுரையும் கார்பன் முகமும் சேர்ந்த மட்டை, வேகமாக வீசுபவருக்கு மட்டுமே வேகம் தரும். மெதுவாக வீசினால் பந்து அதில் செத்துப்போகும். மென்மையான நுரையும் கண்ணாடி இழை முகமும் பந்தைத் தாமாகவே தள்ளிவிடும். ஆக, விலை கூடிய கடின மட்டையை வாங்கும் புதியவருக்குக் கட்டுப்பாடும் கிடைக்காது, அவர் ஆசைப்பட்ட பலமும் கிடைக்காது. முகத்தில் அச்சிட்டிருக்கும் 3கே, 12கே, 18கே என்பவை ஒரு கார்பன் இழைக்கற்றையில் எத்தனை ஆயிரம் நூல்கள் என்பதைத்தான் சொல்கின்றன. எண் கூடினால் மட்டை உயர்ந்தது என்று பொருளில்லை.

வெப்பத்தில் நுரை இன்னும் இளகும். துபாயிலோ சென்னையிலோ வெயிலில் ஆடுகிறவர் மிக மென்மையானதை விட்டு நடுத்தரக் கடினத்தை எடுப்பது நல்லது. மட்டையைப் பூட்டிய காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

எடை பெரும்பாலும் 350 முதல் 375 கிராமுக்குள் இருக்கும். முழங்கையில் ஏற்கெனவே வலி இருப்பவர் இலகுவான, மென்மையான வட்ட மட்டையைத் தாண்டி வேறெதையும் பார்க்க வேண்டாம். கடையில் மட்டையை ஒரு விரலின் மேல் கிடைமட்டமாக நிறுத்திப் பாருங்கள். அது சமநிலையில் நிற்கும் புள்ளி கைப்பிடியின் அடியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு தலைக்கனம். வாங்கிய பிறகும் கொஞ்சம் மாற்றலாம். கைப்பிடியில் கூடுதலாக ஒரு உறை சுற்றினால் எடை கீழே இறங்கும், தலையில் பாதுகாப்புப் பட்டை ஒட்டினால் மேலே ஏறும். பல கிளப்புகளில் சோதனைக்கு மட்டை தருகிறார்கள். வாங்கிச் சுவரோடு பத்து நிமிடம் ஆடுவது போதாது. ஒரு முழு ஆட்டம் ஆடி, கை களைத்த மூன்றாவது செட்டில் அது எப்படித் திரும்புகிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.