செல் நம்பர் கேட்காத மளிகைக் கடை

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பலகையில் பெயர் அழிந்து வெகுகாலம் ஆகிறது, அது இல்லாமலேயே எல்லாருக்கும் வழி தெரியும்.

இங்கே யாரும் செல் நம்பர் கேட்பதில்லை (பில்லே கிடையாது என்பது வேறு விஷயம்). மெயின் ரோடு சூப்பர் மார்க்கெட் ஒன்றில் நம்பர் சொன்னால்தான் பில் வரும் என்கிறார்கள். அப்படி வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியாயிற்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டிலேயே ஒருமனதாகத் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள், ஆனால் பின்னால் வரிசை நிற்கும்போது இதையெல்லாம் கவுண்டர் பையனிடம் விளக்கவா முடியும்? கொடுத்துவிட்டால் எப்போது டயப்பர், எப்போதிலிருந்து சர்க்கரை இல்லாத பிஸ்கட் என்று வீட்டு வரலாறே அந்த எண்ணின் கீழ் சேரும். வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்திருப்பது அதே எண்தான்.

அண்ணாச்சியிடம் இருப்பது ஒரு நீளக் கணக்கு நோட்டு. எங்கள் பக்கத்தின் தலைப்பில் 'மாடி வீட்டு சார்', கீழே 'து.ப. 1', 'ந.எ. ½' என்று அவருக்கு மட்டும் விளங்கும் கிறுக்கல். முதல் தேதி கணக்கைத் தீர்த்தால் குறுக்கே ஒரு கோடு. நோட்டு தீர்ந்ததும் அந்தத் தாளிலேயே கடுகு, சீரகம் மடித்துத் தருவார், ஆக எங்கள் மார்ச் மாதப் பற்று பக்கத்து வீட்டு அஞ்சறைப் பெட்டி வரை போயிருக்கலாம்!

கண்காணிப்பே இல்லை என்று நினைத்து வராதீர்கள். "என்ன சார், ரெண்டு நாளா பால் வாங்கலியே, வீட்டுல ஊருக்குப் போயிருக்காவளா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். பெண் பார்க்க வருகிறவர்கள் விசாரிப்பதும் இங்கேதான். ஆனால் அவர் மகன் எந்தக் காலேஜ், எந்த மண்டிக்காரரிடம் பாக்கி என்பது எனக்கும் தெரியும். சூப்பர் மார்க்கெட் கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

இப்போது யுபிஐ பெட்டியும் வந்துவிட்டது, தொகையைத் தெருவுக்கே அறிவிக்கிறது. அதில் கட்டினால் எந்தக் கடையில் எப்போது எவ்வளவு என்பது பதிவாகிவிடும், பொருள் விவரம் மட்டும்தான் தப்பும். ரொக்கமே நல்லது, சில்லறையோடு போங்கள்.

மற்ற குறைகள்: புளியில் கொட்டை ஜாஸ்தி, கோதுமை மாவு ஒரே பிராண்ட், மதியம் 2 முதல் 4 வரை ஷட்டர். புதிதாகக் குடிவந்தவர்களுக்குப் பற்று கிடையாது, தெருக்காரர் யாராவது சொல்ல வேண்டும். 5க்கு 4.