ஃபீஸ்ட்டும் டான்ஸும்: தனித்தனியாகப் படிப்பதா, கலந்து படிப்பதா?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில் முதல் மூன்று நாவல்களை முடித்தவர்கள் அடுத்து ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நான்காவதான 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்', ஐந்தாவதான 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' இரண்டையும் வெளிவந்த வரிசையிலேயே படிப்பதா, இரண்டின் அத்தியாயங்களையும் கலந்து ஒரே நாவலாகப் படிப்பதா? நான் இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன். கலந்து படிப்பதுதான் என் கட்சி. இனி கதையின் திருப்பங்கள் எல்லாம் வெளிப்படையாக வரும். இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தக் கேள்வி எழுந்ததற்கே காரணம் நாவல் வெட்டப்பட்ட விதம்தான். மூன்றாவது நாவல் 2000-ல் வந்தது. கதையை ஐந்து ஆண்டுகள் தாண்டித் தொடர நினைத்த மார்ட்டின், எழுதிப் பார்த்துவிட்டு அந்த யோசனையைக் கைவிட்டார். இடைப்பட்ட கதை பெருகி ஒரு நூலுக்குள் அடங்காமல் போனது. முன்பாதி, பின்பாதி என்று பிரிக்காமல் இடத்தையும் பாத்திரத்தையும் வைத்துப் பிரித்தார். 2005-ல் ஃபீஸ்ட் வந்தபோது வடக்கே பனிச் சுவரைக் காக்கும் ஜான் ஸ்னோ, டிராகன்களை வளர்க்கும் அரசி டனேரிஸ், செர்ஸி ராணியின் தம்பி டிரியன் மூவரின் பார்வையிலும் அதில் ஓர் அத்தியாயம்கூட இல்லை. அடுத்த ஆண்டே அடுத்த நூல் வரும் என்ற நம்பிக்கையைச் சொல்லும் குறிப்பு மட்டும் கடைசியில் இருந்தது. டான்ஸ் வந்தது 2011 ஜூலை 12 அன்று.

ஆறு ஆண்டு காத்திருந்தவர்களில் ஒரு பாதி கொண்டாடியது. 2012-ல் மிகைப்புனைவு நாவலுக்கான லோகஸ் விருதும் கிடைத்தது. மறுபாதிக்குக் கோபம். டிரியன் நாவல் முழுக்கப் பயணம் செய்தும் டனேரிஸிடம் பேசும் இடம் வரவே இல்லை. டனேரிஸ் ஆளும் மீரீன் நகரம், வடக்கின் வின்டர்ஃபெல் கோட்டை என இரண்டு இடங்களில் பெரும் போர்கள் தொடங்கும் தறுவாயில் புத்தகம் முடிந்துவிடுகிறது. ஜான் கத்திக்குத்து வாங்கிக் கிடக்கிறான். இவை நியாயமான குறைகள்தான். எந்த வரிசையில் படித்தாலும் இவை தீராது.

ஆனால் 'கதை நகரவில்லை' என்ற குறை இருக்கிறதே, அதில் பெரும்பகுதி வெட்டினால் வந்த வினை என்று கலந்து படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இந்த இரண்டு நூல்களும் சேர்ந்து மூன்று புதிய ஆட்சியாளர்களைப் பற்றிய ஒரே கதை. செர்ஸிக்கு ஃபீஸ்ட்டில் 10 அத்தியாயங்கள். டான்ஸில் ஜானுக்கு 13, டனேரிஸுக்கு 10. மூவரும் போரில் கிடைத்த அதிகாரத்தை அமைதியில் காப்பாற்றத் திணறுகிறார்கள். செர்ஸி தலையாட்டுபவர்களை மட்டும் ஆலோசனை மன்றத்தில் சேர்த்துக்கொள்கிறாள். ஜான் தனக்கு நெருக்கமானவர்களையே ஒவ்வொருவராக வேறு கோட்டைகளுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகிறான். டனேரிஸ் சமாதானத்துக்காகப் பிடிக்காத திருமணத்துக்குச் சம்மதிக்கிறாள். மூவரின் அதிகாரமும் சொந்தக் கூடாரத்துக்குள்ளேயே சரிகிறது. தனித்தனியாகப் படித்தால் மீரீன் பகுதி இழுவையாகத் தெரியும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் தெரிந்தது. செர்ஸி அத்தியாயத்தை மூடிய கையோடு டனேரிஸைப் படித்தால், இருவரும் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் எழுதிக்கொண்டிருப்பது தெரிகிறது.

பிராவோஸ் நகரத்தின் அயர்ன் பேங்க் என்ற வங்கியின் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். போர் முடியும்வரை கடனைத் திருப்பித் தர முடியாது என்று ஃபீஸ்ட்டில் செர்ஸி கைவிரிக்கிறாள். அங்கே அது அவளுடைய இன்னொரு அசட்டுத் துணிச்சல், அவ்வளவுதான். டான்ஸில் அந்த வங்கியின் ஆள், அரியணைக்குப் போட்டியிடும் ஸ்டானிஸைத் தேடிக்கொண்டு பனிச் சுவருக்கே வந்து சேர்கிறான். ஜான் அவனிடம் பேரம் பேசி, குளிர்காலத்துக்கு உணவு வாங்கக் கடன் பெறுகிறான். ஒருத்தி உதறித் தள்ளிய வங்கியிடம் கண்டத்தின் மறுமுனையில் இன்னொருவன் கை நீட்டுகிறான். முதல் வாசிப்பில் இந்த முடிச்சு என் கண்ணிலேயே படவில்லை.

வெளிவந்த வரிசைக்கும் பலம் உண்டு. செர்ஸியின் வீழ்ச்சி ஜானோ டனேரிஸோ குறுக்கிடாமல் நடக்கிறது. போர் தின்று துப்பிய ஊர்களின் வழியே போர்வீராங்கனை பிரியென் நடக்கும் அந்த நீண்ட சோகத்துக்கும் தனிமை தேவைதான். இன்னொன்று, ஜானின் நண்பன் சாமோடு கப்பலில் போகும் கில்லி என்ற பெண்ணின் குழந்தை. கப்பலில் அவள் ஓயாமல் அழுவது ஏன், கையில் இருப்பது யார் குழந்தை என்பதெல்லாம் சாமுக்கு மெதுவாகத்தான் விளங்குகிறது. டான்ஸிலோ குழந்தையை மாற்றச் சொல்லி ஜான் உத்தரவிடுவது நேரடியாகவே வருகிறது. ஜானின் அத்தியாயம் முந்திக்கொண்டால் அந்த ரகசியம் போச்சு. வாசகர்கள் தயாரித்த கலப்பு வரிசைகள் பல இருக்கின்றன. அவற்றில் புதியவர்களுக்காக இத்தகைய ரகசியங்களைக் காக்கும் வரிசையாகப் பார்த்து எடுக்க வேண்டும். நான் மறுவாசிப்பில்தான் கலந்து படித்தேன். முதல் தடவையே அப்படிப் படிப்பவருக்கு இத்தனை பாத்திரங்களைத் தலையில் வைத்துக்கொள்வது பாரமாக இருக்குமோ என்னவோ, என் அனுபவத்தை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

முன்னுரை, முடிவுரை அத்தியாயங்களையும் சேர்த்து 46-ம் 73-ம் மொத்தம் 119 அத்தியாயங்கள். இரண்டு தடிப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் புரட்டுவது கை வலிக்கும் வேலை. மின்னூலில் சுலபம்.

ஒரே ஓர் இடத்துக்காகவாவது கலந்து படிக்கலாம் என்பேன். நூறு வயதைத் தாண்டிய மேஸ்டர் (அறிஞர்) ஏமன், டனேரிஸின் டார்கேரியன் வம்சத்துக் கிழவர், டனேரிஸிடம் டிராகன்கள் இருப்பதைக் கேள்விப்படுகிறார். அவளுக்கு ஆலோசனை சொல்ல ஆள் வேண்டும், தன்னால் போக முடியவில்லையே என்று தவித்தபடியே கப்பலில் சாகிறார். அது ஃபீஸ்ட். பக்கத்திலேயே டான்ஸைத் திறந்தால், டிராகன்களில் இரண்டைக் குழிக்குள் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு, யாரை நம்புவது என்று தெரியாமல் பிரமிடின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறாள் அந்தப் பெண். அவளுக்காக ஒரு கிழவர் அழுததே அவளுக்குத் தெரியாது.