ஸ்ப்ரே அடிச்சு விட்டுடற லைக்கன் கிளீனர்: 3/5

லைக்கன்னா பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்ந்து மரம், கல்லு மேல படலமா ஒட்டிக்கறது. லண்டன்ல வீட்டுக்குப் பின்னாடி மர பெஞ்ச், ஃபென்ஸ் வச்சிருக்கவங்களுக்கு இந்த கிளீனர் யூஸ் ஆகும். உள்ள இருக்கறது பென்சல்கோனியம் குளோரைடுங்கற பாசி, பூஞ்சை கொல்லி, தண்ணில கலந்து மழை இல்லாத நாளா பாத்து அடிச்சு விட்டா போதும், தேய்க்கவும் வேணாம் கழுவவும் வேணாம். பச்சைப் பாசி சீக்கிரமே போயிடுச்சு. ஆனா லைக்கன் அவ்ளோ ஈஸியா மசியல, பெஞ்ச் மேல்கட்டைல பறவை எச்சம் விழுற இடமா பாத்து ஆரஞ்சு மஞ்சள்ல தட்டு தட்டா ஒட்டிட்டு இருந்துச்சே சாந்தோரியாங்கற லைக்கன் வகை, அது முதல்ல வெளிறி, அப்புறம் ஓரம் சுருண்டு, மாசக்கணக்குல தான் மழைல உதிர்ந்துச்சு. லேபிள்ல "உடனடி ரிசல்ட்"னு போட்டிருக்கறதெல்லாம் டூ மச்.

திரும்ப வராதான்னு கேட்டா, வரும். பிரிட்டனோட 1956 சுத்தக் காற்றுச் சட்டத்துக்கு அப்புறம் கரிப்புகை சல்ஃபர் எல்லாம் கொறைஞ்சு லைக்கன் ஊருக்குள்ள மறுபடி வந்துச்சு, இப்போ வண்டிப் புகைல வர்ற நைட்ரஜன் சாந்தோரியாவுக்கு நல்ல தீனி. அதனால அப்பப்போ அடிச்சிட்டே தான் இருக்கணும்.

இதுக்கு பதிலா ஜெட் வாஷ் (வேகமா தண்ணி பீய்ச்சி கழுவறது) மட்டும் போடாதீங்க, மர நார் கெளம்பி சொரசொரன்னு ஆயிட்டா அடுத்த லைக்கனுக்கு நாமளே பாய் விரிச்ச மாதிரி. லைக்கன் மரத்தைத் தின்னாது, ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும் அவ்ளோதான், அதான் ஃபென்ஸ்ல இருக்கறத அழகா இருக்குன்னு விட்டுட்டேன் (நம்ம பிரியாணில போடற கல்பாசியும் லைக்கன் தாங்க!). மீன் குளம் இருந்தா அந்தப் பக்கம் அடிக்கவே அடிக்காதீங்க, மீனுக்கு விஷம்.