ஷேலின் திசைக்குணம்: ஆய்வகமா, கிணறா, தரையா?

ஷேலைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும், ஏடு ஏடாக உரியும். களித்தகடுகள் படுக்கைவாட்டில் அமுங்கி உருவான பாறை அது. அதற்குள் போகும் குறுக்கலையின் (போகும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை) வேகம், போகும் திசையை மட்டுமல்ல, அதிரும் திசையையும் பொறுத்தது. போகும் திசையிலேயே அதிரும் நெட்டலையிடம் இந்த இரண்டாவது துப்பு கிடைக்காது. இந்தத் திசைக்குணத்தை அளக்க இங்கே மூன்று வழிகளைப் பார்ப்போம்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடுக்குக்கு இணையாக வெட்டிய 5 செ.மீ. உருளை, ஒரு முனையில் அதிர்வை ஊட்டும் சில்லு, மறுமுனையில் வாங்கும் சில்லு. அடுக்குக்குக் குறுக்கே அதிரும் அலை 25 மைக்ரோவிநாடியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சில்லுகள் இரண்டையும் 90 டிகிரி திருப்பினால் 20இலேயே வந்துவிடும். பாதை மாறவில்லை, உருளையும் மாறவில்லை. குறுக்கலை வேகம் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்ல லியோன் தாம்சன் 1986இல் வகுத்த காமா அளவில் இது 0.28. சிக்கல் என்னவென்றால், ஆழத்தின் அழுத்தம் நீங்கி உலர்ந்ததும் ஷேல் அடுக்கோடு பிளக்கும். பிறகு அளப்பது பாறையையா, பிளவையா?

பாறையில் துளையிட்ட கிணற்றுக்குள் இறக்கி, சுவரைப் பக்கவாட்டில் அசைத்துக் குறுக்கலையை எழுப்பும் இருமுனை ஒலிக்கருவிக்கு அந்தக் கவலை குறைவு. பாறை இருந்த இடத்தில், இருந்த அழுத்தத்தில் இருக்கிறது. ஆனால் செங்குத்துக் கிணற்றில், கிடையான அடுக்குகளில், அலை மேல்நோக்கிப் போகிறது. எப்படித் திருப்பினாலும் அதிர்வு அடுக்குக்கு இணையாகவே இருக்கும். இரண்டு அலைகளும் ஒன்றாக வந்து சேரும். "திசை வேறுபாடு இல்லை" என்று அறிக்கை எழுதுவது இங்கேதான் நடக்கும் தவறு. கிணற்றுச் சுவரை ஒட்டிப் போகும் ஸ்டோன்லி அலையையும் சேர்த்துப் பார்த்தால் விடுபட்ட எண், அதாவது படுக்கைவாட்டில் போய் அடுக்குக்கு இணையாக அதிரும் அலையின் வேகம், கிடைக்கும், கிணற்றில் நிற்கும் சேற்றுநீரின் வேகத்துக்கும் கருவிக்கும் திருத்தம் போட்டால். கிடைக்கிணறு என்றால் இந்தச் சுற்றுவழியே வேண்டாம். அலை இரண்டாகப் பிரிவது நேராகத் தெரியும்.

தரையிலிருந்து நெட்டலையை அனுப்பி, ஆழத்தில் குறுக்கலையாக மாறித் திரும்புவதைப் பதிவு செய்வது மூன்றாவது வழி. பரப்பை அள்ளுவது இது ஒன்றுதான். அலைநீளமோ பல பத்து மீட்டர். மெல்லிய அடுக்குகள் தனித்தனியே தெரியாது. மேல்மண் வேறு அலையைத் தின்றுவிடும். ஆனால் ஷேலில் செங்குத்து விரிசல்கள் இருந்தால் கதை மாறும். மேல்நோக்கி வரும் குறுக்கலையும் இரண்டாகப் பிரியும், வேகமானது விரிசலுக்கு இணையாக அதிரும்.

விரிசலைத் தேடுகிறவர் தரை அளவைக்குச் செலவழிக்கலாம். அடுக்கின் குணம் வேண்டும், ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நான் கிணற்றுக் கருவியைத்தான் கேட்பேன், ஸ்டோன்லி பதிவோடு. கூடவே உருளை எடுக்க முடிந்தால், மேலே வந்த கையோடு மெழுகு பூசிவிட வேண்டும். வெயிலில் ஒரு பகல் கிடந்தால் போதும், அது ஏடாகிவிடும்.